மணற்கல் கேன்யன்களில் நடக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

யூட்டாவின் தெற்குப் பாதி, அரிசோனாவின் வடக்கு ஓரம். இந்தச் செம்பாறை நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இரண்டு வகைக் கேள்விகளோடு வருகிறார்கள். இந்தப் பாறை ஏன் இப்படி இருக்கிறது என்பது ஒன்று. எங்கே, எப்போது, எவ்வளவு தண்ணீரோடு நடப்பது என்பது இன்னொன்று. புவியியலைத் தனியாகவும் பயணக் குறிப்பைத் தனியாகவும் எழுதுவதுதான் வழக்கம். ஆனால் இறங்க வழி எந்த அடுக்கில் கிடைக்கும், தண்ணீர் எங்கே கசியும், வெள்ளம் எதன் வழியாகப் பாயும் என்பதையெல்லாம் அங்கே கல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இங்கே இரண்டையும் கலந்தே கொடுத்திருக்கிறேன்.

எந்த இடங்களைப் பற்றிய பேச்சு இது?

கொலராடோ பீடபூமி. யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ என நான்கு மாநிலங்களில் பரந்து கிடக்கும் மேட்டு நிலம், சுமார் 3,37,000 சதுர கிலோமீட்டர். ஸயான், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேப்பிடல் ரீஃப் ஆகிய தேசியப் பூங்காக்கள், எஸ்கலான்டே ஆற்றுப் பகுதி, பரியா கேன்யன், நவஹோ மக்களின் நிலத்திலுள்ள ஆன்டலோப் கேன்யன், மான்யுமென்ட் வேலி எல்லாம் இதற்குள் வரும்.

பிரைஸ் கேன்யனும் இதே பீடபூமியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் தூண்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லும் களிக்கல்லும். கிராண்ட் கேன்யனிலும் மணற்கல் சில அடுக்குகளில் மட்டும்தான். இரண்டும் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்தான், ஆனால் கீழே சொல்வதெல்லாம் அப்படியே அங்கே பொருந்தாது.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி காற்று கொண்டுவந்து குவித்தது. ஸயானில் செங்குத்தாக நிற்கும் சுவர்கள் நவஹோ மணற்கல். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில், இங்கே பெரும் மணல் பாலைவனம் ஒன்று இருந்தது. அதன் மணல்மேடுகள்தான் இன்று கல்லாகி நிற்கின்றன. ஸயான் பக்கம் இந்த ஒரே அடுக்கு 600 மீட்டருக்கு மேல் தடிமன்.

அந்த மணல் பக்கத்து மலையிலிருந்து வந்ததில்லை என்பதுதான் வியப்பு. மணலுக்குள் ஸிர்கான் என்ற கடினமான கனிமத்தின் நுண்துகள்கள் உண்டு. அவற்றிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் துகளின் வயது தெரியும். அப்படிப் பார்த்ததில், பல துகள்களின் வயது கண்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள அப்பலாச்சியன் மலைப் பாறைகளோடு ஒத்துப்போகிறது. ஆறுகள் கண்டத்தைக் கடந்து அந்த மணலை மேற்கே கொண்டுபோய்க் கொட்டின. காற்று அதை அள்ளித் தெற்கே தள்ளியது. காலடியில் நெருடும் மணல் இரண்டாவது முறையாக மணலாகியிருக்கிறது.

பாறையில் வெட்டிக்கொள்ளும் சாய்ந்த கோடுகள் என்ன?

மணல்மேட்டில் காற்று ஒரு பக்கம் மணலை ஏற்றும். உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சரியும். உலர்ந்த மணல் ஏறக்குறைய 34 டிகிரிக்கு மேல் நிற்காது. ஒவ்வொரு சரிவும் ஒரு மெல்லிய சாய்ந்த தகடு. அடுத்து வரும் மேடு முந்தைய மேட்டின் தலையைச் சீவிவிட்டு அதன்மேல் தன் தகடுகளை அடுக்கும். அதனால்தான் கோடுகள் ஓர் இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கிடைக்கோட்டில் வெட்டுப்பட்டு, மேலே வேறு கோணத்தில் தொடர்கின்றன. நவஹோ மணற்கல்லில் இந்தக் கோடுகள் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்கு நோக்கி இறங்குகின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஸயானின் கிழக்கு வாசல் அருகே செக்கர்போர்ட் மேசா என்ற குன்று இருக்கிறது. அதன் கட்டங்களில் கிடைக்கோடுகள் இந்த மணல் தகடுகள். மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளோ வெயிலிலும் குளிரிலும் பாறை விரிந்து சுருங்கியதால் பின்னால் விழுந்த வெடிப்புகள். சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம், நடக்கக்கூட வேண்டாம்.

சிவப்பு ஏன்? சில இடத்தில் வெள்ளை, சில இடத்தில் கருப்பு?

சிவப்பு இரும்புத் துரு. ஒவ்வொரு மணல் துகளையும் சுற்றி ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. இரும்பின் அளவு மிகக் குறைவுதான், ஆனால் நிறம் அப்படி ஏறியிருக்கிறது. பிற்காலத்தில் பாறைக்குள் ஊடுருவிய நிலத்தடித் திரவங்கள் சில இடங்களில் அந்த இரும்பைக் கரைத்து எடுத்துவிட்டன. அங்கே கல் வெளுத்துவிட்டது. கரைந்த இரும்பு வேறோர் இடத்தில் போய்ப் படிந்து உருண்டைகளாகவும் வளையக் கோடுகளாகவும் ஆயிற்று. எஸ்கலான்டே பக்கம் கோலிக்குண்டு போலச் சிதறிக் கிடக்கும் கரும்பழுப்பு உருண்டைகள் அவைதான்.

சுவர்களில் பளபளக்கும் கருப்புப் பூச்சு வேறு விஷயம். களிமண்ணோடு மாங்கனீசும் இரும்பும் கலந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேற்பரப்பில் சேர்ந்த மெல்லிய தோல் அது. பழங்குடி மக்கள் அந்தக் கருப்பைக் கொத்தி, உள்ளிருக்கும் வெளிர் நிறத்தை வெளிக்கொண்டுவந்துதான் பாறை உருவங்களைச் செதுக்கினார்கள்.

அடுக்குகளின் பெயர் தெரிந்து எனக்கென்ன பயன்? நான் நடக்கத்தானே போகிறேன்?

நடக்கத்தான் அது தேவை. நான்கு பெயர் போதும். கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்: சின்லி, விங்கேட், கயென்டா, நவஹோ.

சின்லி மென்மையான அடுக்கு. ஊதா, சாம்பல், பச்சை கலந்த களிச் சரிவுகள். இதில் எரிமலைச் சாம்பல் மாறி உண்டான களிமண் இருக்கிறது. நனைந்தால் அது உப்பி வழுக்கும். இந்த மாதிரிக் களி மேல் போகும் மண்சாலைகள் காய்ந்திருக்கும்போது சாதாரணக் காருக்குக்கூட இடம் கொடுக்கும், ஒரு மழைக்குப் பிறகு நான்கு சக்கர இழுவை வண்டியையும் பக்கவாட்டில் வழுக்கிவிடும். வரைபடத்தில் சாலை இருக்கிறது என்று நம்பி ஈரத்தில் இறங்க வேண்டாம்.

விங்கேட் சுவர். செங்குத்து வெடிப்புகளோடு பலகை பலகையாகப் பிளந்து நிற்கும், பல இடங்களில் நூறு மீட்டர் உயரத்துக்கு. இதில் இறங்க வழி தேடுவது வீண். கேன்யன்லேண்ட்ஸில் ஐலண்ட் இன் தி ஸ்கை மேட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால் கீழே பாதை தெரியும், ஆனால் அங்கே போகும் வழி அருகில் இருக்காது. சுவர் இடிந்து கற்குவியல் சரிவாக நிரம்பிய ஒன்றிரண்டு இடங்களில்தான் பழைய ஆட்டு மாட்டுப் பாதைகளும் இன்றைய டிரெயில்களும் இறங்குகின்றன. நேராக இறங்கினால் அரை மணி நேரம்தானே என்று நினைக்கத் தோன்றும் எல்லா இடத்திலும் கீழே விங்கேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கயென்டா ஆறுகள் படியவைத்தது. மணலும் களியும் மாறி மாறி வருவதால் படிப்படியாக, விளிம்பு விளிம்பாக இருக்கும். குறுக்கே நடப்பதற்கு வசதியான அடுக்கு இதுதான். பல டிரெயில்கள் கிலோமீட்டர் கணக்கில் இந்த விளிம்புகளையே பிடித்துக்கொண்டு போகின்றன.

நவஹோ வழுவழுப்பான குவிமாடங்களும் பெருஞ்சுவர்களும். மழைநீர் இந்த நுண்துளைப் பாறைக்குள் இறங்கி, கீழே கயென்டாவின் களியில் தடுக்கப்பட்டு, இரண்டும் சேரும் கோட்டில் பக்கவாட்டில் கசிகிறது. ஸயானின் வீப்பிங் ராக்கில் சொட்டும் நீர் மேலே மழையாக விழுந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது கணக்கு. பாறைச் சுவரில் திடீரென்று ஒரு பச்சைக் கோடு, பெரணிச் செடிகள் தெரிந்தால் அந்தக் கோடு கிட்டத்தட்ட எப்போதும் இந்த எல்லைதான்.

ஸயானின் வடிவத்துக்கும் இதே காரணம். நேரோஸ் பகுதியில் வர்ஜின் ஆறு இன்னும் நவஹோவையே அறுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் 300 மீட்டர் சுவர்களுக்கு நடுவே சில இடங்களில் ஆறு ஏழெட்டு மீட்டர் அகலம்தான். கீழே போகப் போக ஆறு கயென்டாவைத் தொடுகிறது. மென்மையான அடி அரிக்கப்படுகிறது, மேலே நிற்பது ஆதாரமில்லாமல் பெயர்ந்து விழுகிறது, பள்ளத்தாக்கு அகலமாகிறது. ஷட்டில் பேருந்து ஓட இடம் கிடைத்ததே அதனால்தான்.

ஆர்ச்சஸில் மட்டும் ஏன் இத்தனை வளைவுகள்?

அடியில் உப்பு இருப்பதால். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடல் பலமுறை வற்றி நிரம்பியது. அது விட்டுப்போன உப்பு பல நூறு மீட்டர் தடிமனுக்குச் சேர்ந்தது. மேலே பாறைகள் படியப் படிய, பாரம் தாங்காமல் உப்பு பற்பசைபோல் பிதுங்கி நகர்ந்தது. அது மேலெழுந்த இடத்தில் மேல் அடுக்குகள் வளைந்து, ஒன்றுக்கொன்று இணையான வெடிப்புகள் விழுந்தன. வெடிப்புகள் அகன்றபோது நடுவில் மெல்லிய சுவர்கள் மிஞ்சின. அந்தச் சுவர்களின் அடிப்பகுதியில் மழைநீர் மணலைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைத்தது, பனி உறைந்து பிளந்தது, ஓட்டை விழுந்தது. பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட வளைவுகள் கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை என்ட்ராடா மணற்கல்லில்.

இத்தனை மெல்லிய கல் ஏன் உடனே விழுவதில்லை என்பதற்கு 2014-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் அழகான விளக்கம் ஒன்றைக் காட்டினார்கள். மேலிருந்து அழுத்தம் தாங்கும் பகுதியில் மணல் துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்கின்றன, அதனால் அந்தப் பகுதி மெதுவாகத்தான் அரிக்கிறது. பாரம் தாங்காத பகுதி முதலில் உதிர்ந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது பாரம் தாங்கும் வடிவம்.

நான் கீழே நிற்கும்போது விழுமா?

வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் கிடையாது. 1991 செப்டம்பரில் 88 மீட்டர் நீளமுள்ள லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து சுமார் 18 மீட்டர் நீளப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அதற்குப் பிறகு அதன் அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் வால் ஆர்ச் முழுவதுமாக இடிந்தது. வளைவுகளின் மேல் ஏறுவது தடை. அடியில் படம் எடுத்துவிட்டு நகருங்கள், சாப்பாட்டுக் கடையை அங்கே விரிக்க வேண்டாம்.

ஆர்ச், பிரிட்ஜ் இரண்டும் ஒன்றா?

ஓடும் ஆறு குடைந்து உண்டாக்கியது பிரிட்ஜ். மற்றது ஆர்ச். யூட்டாவின் நேச்சுரல் பிரிட்ஜஸில் மூன்று பாலங்களை ஒரே சுற்றில் பார்க்கலாம். கூட்டமும் குறைவு, இரவு வானம் அபாரம்.

ஸ்லாட் கேன்யன் எப்படி இவ்வளவு ஒடுங்கலாக உருவாகிறது?

முதலில் ஒரு வெடிப்பு வேண்டும். பிறகு ஆண்டுக்குச் சில முறை மட்டும் வரும் வெறிகொண்ட வெள்ளம் வேண்டும். வெள்ளம் தூக்கிவரும் மணலும் கல்லும்தான் உண்மையில் அறுக்கின்றன, தண்ணீர் அவற்றைச் சுமக்கிறது. இங்கே பல இடங்களில் ஆண்டு மழை 25 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதனால் பக்கச் சுவர்கள் மெதுவாகவே சிதைகின்றன, அடி மட்டும் வேகமாக ஆழமாகிறது. பாறை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதும் முக்கியம். நவஹோ மணற்கல்லில் இந்தத் தகுதிகள் எல்லாம் உண்டு. பரியா பகுதியிலுள்ள பக்ஸ்கின் கல்ச் 20 கிலோமீட்டருக்கு மேல் இப்படியே போகிறது.

ஆன்டலோப்பில் எல்லோரும் படம் எடுக்கும் அந்த வழவழப்பான அலை வளைவுகளும் வெள்ளம் சுழன்று தேய்த்தவைதான். அந்தத் தேய்ப்பு நம் தலைக்கு மேலேயும் இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

வானம் நீலமாக இருக்கிறது. உள்ளே போகலாம்தானே?

தலைக்கு மேலிருக்கும் வானத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மணற்கல் மேடுகளில் மண் கிடையாது. செடி கொடியும் அதிகம் கிடையாது. கொட்டுகிற மழையை உறிஞ்ச ஏதுமில்லாததால் எல்லாம் சரிந்து ஓடி ஒரே பிளவில் சேர்கிறது. அந்தப் பிளவு பல மைல் தள்ளி, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலமாக இருக்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று லோயர் ஆன்டலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். கேன்யன் இருந்த இடத்தில் பெரிய மழை ஏதுமில்லை, புயல் பெய்தது மேல்பக்கம். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் கொண்ட குழு முழுவதும் வெள்ளத்தில் போயிற்று.

ஆகவே பார்க்க வேண்டியது அந்தக் கேன்யனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பரப்பு முழுவதன் வானிலை. வரைபடத்தில் மேல்நோக்கிப் போய், எங்கிருந்தெல்லாம் நீர் இதில் வந்து சேர்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை இந்தப் பூங்காக்களுக்கென்றே திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் தினமும் சொல்கிறது: எதிர்பார்ப்பில்லை, வரலாம், பெரும்பாலும் வரும், நிச்சயம் வரும். ‘வரலாம்’ என்று இருந்தாலே ஒடுங்கிய கேன்யனை விட்டுவிட்டு மேட்டு நடை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் என் வழக்கம். லாட்டரிக் குலுக்கலில் பெர்மிட் (நுழைவு அனுமதி) கிடைத்துவிட்டதே என்ற எண்ணம்தான் பலரை உள்ளே தள்ளுகிறது. பூங்கா அதிகாரியான ரேஞ்சர் பெர்மிட் கொடுத்தார் என்பதற்கு அவர் பாதுகாப்புக்கு உத்தரவாதம் கொடுத்தார் என்று பொருளில்லை. முடிவு உங்களுடையது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஸயான் நேரோஸுக்குத் தனி விதி உண்டு. ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலும் மூடுவார்கள், எச்சரிக்கை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள். வசந்த காலத்தில் பனி உருகும்போது வாரக்கணக்கில் மூடியிருப்பது சகஜம்.

உள்ளே இருக்கும்போது வெள்ளம் வருவது தெரியுமா?

சில நேரம் தெரியும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கும், குச்சியும் சருகும் மிதந்து வரும், நீர்மட்டம் ஏறும், தூரத்தில் இரைச்சல் கேட்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் யோசிக்காமல் உயரமான இடத்துக்கு ஏறுங்கள். வாசலை நோக்கி ஓடிப் பயனில்லை, வெள்ளம் உங்களைவிட வேகம். ஏறிய இடத்தில் தண்ணீர் வடியும்வரை உட்காருங்கள், இரவானாலும் சரி. நடக்கும்போதே சுவரில் சிக்கிய மரத்துண்டுகள் எந்த உயரத்தில் இருக்கின்றன, ஏறி நிற்கத் திட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவது நல்ல பழக்கம். திட்டே இல்லாத நீண்ட பகுதி என்றால், அதற்குள் நுழையும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். ஜூனில் வெயில் கொல்லும், ஆனால் மழை குறைவு. ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை பருவ இடிமழைக் காலம். காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் மேகம் கட்டிக் கொட்டும். குளிர்காலம் அழகு, கூட்டமில்லை. நிழல் விழும் பாதைகளில் பனிக்கட்டி இருக்கும், காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு நாளுக்கு ஒருவருக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இது பூங்காக்கள் சொல்லும் அளவு. கோடையில் நீண்ட நடை என்றால் இதுவும் போதாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், குழப்பம் வரை போகும். அதனால் உப்புள்ள தின்பண்டமோ உப்புக் கரைசலோ கூடவே வேண்டும். காரில் தனியாக ஒரு கேன் வைத்துவிட்டுப் போங்கள்.

வெயில் நேரமும் ஒரு கணக்கு. கோடையில் கிராண்ட் கேன்யனின் உட்பகுதியில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்காதீர்கள் என்று ரேஞ்சர்கள் சொல்கிறார்கள். அங்கே நிழலிலேயே 49 டிகிரி வரை ஏறும். மலையில் ஏறிவிட்டு இறங்குவோம், விளிம்பிலிருந்து தொடங்கும் கேன்யன் நடையில் இது தலைகீழ். சுகமாக இறங்கிவிட்டு, களைத்த பிறகு, சூடேறிய பாறைக்கு நடுவே ஏற வேண்டும். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள்.

ஊற்று நீரையும் ஆற்று நீரையும் குடிக்கலாமா?

வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்கலாம், இரண்டு விதிவிலக்குகளோடு. ஸயானின் வர்ஜின் ஆற்றில் 2020-இல் நச்சு உண்டாக்கும் சயனோபாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண வடிகட்டி அந்த நச்சை நீக்காது. ரேஞ்சர் அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேளுங்கள். இரண்டாவது, பழைய யுரேனியச் சுரங்கங்களிலிருந்து வடியும் நீர். ஆர்ச்சஸுக்கு அருகிலுள்ள மோஆப் ஊரின் சுற்றுவட்டாரத்தில் சின்லி அடுக்கில் 1950-களில் தோண்டிய குழிகள் நிறைய. அவற்றுக்குள்ளும் போக வேண்டாம், அந்த நீரையும் தொட வேண்டாம். பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரில் சிறு இறால் வகைகள் வாழ்கின்றன. சன்ஸ்கிரீன் பூசிய கையையோ காலையோ அதில் விடாதீர்கள்.

பாறை வழுக்குமா? எந்தக் காலணி?

காய்ந்த மணற்கல்லில் ரப்பர் அடிப்பாகம் நம்ப முடியாத அளவுக்குப் பிடிக்கும். அதுவே தொந்தரவு. நம்பிக்கையில் செங்குத்தாக ஏறிவிடுவார்கள், திரும்பிப் பார்த்தால் இறங்கத் தெரியாது. இறங்க முடியும் என்று உறுதியான சரிவில் மட்டும் ஏறுங்கள். கேன்யனுக்குள் இது மறுபடி தலைகீழாகும். குதித்து இறங்கிய இரண்டு மீட்டர் படியில் திரும்ப ஏற முடியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பாறைமேல் தூவலாக மணல் இருந்தால் உருளும், ஈரமிருந்தால் வழுக்கும். கனமான பூட்ஸ் தேவையில்லை, பிடிமானமுள்ள சாதாரண டிரெயில் ஷூ போதும்.

மழைக்கு மறுநாள் பாறை ஏறலாமா?

கூடாது. மணற்கல் நனைந்தால் வலிமை கணிசமாகக் குறையும். துகள்களைப் பிணைத்திருக்கும் களியும் சுண்ணாம்பும் ஈரத்தில் தளர்கின்றன. கைப்பிடி உடைந்து வரும், அடித்த ஆணியும் பிடுங்கிக்கொண்டு வரலாம். மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாள் பொறுப்பதே உள்ளூர் ஏறுநர்களின் வழக்கம். உங்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, உடைந்த பிடி அடுத்தவருக்கும் கிடைக்காது.

புதைமணல் உண்மையிலேயே உண்டா?

உண்டு. ஓடைப் படுகைகளில், வெள்ளத்துக்குப் பிறகு அதிகம். ஆளையே விழுங்காது, முழங்கால்வரை பிடித்துக்கொள்ளும். ஆபத்து குளிர்தான். 2019 பிப்ரவரியில் ஸயானின் சப்வே பாதையில் ஒருவர் கால் புதைந்து பல மணி நேரம் குளிரில் கிடந்தார். கூட வந்தவர் நடந்துபோய் உதவி கேட்டதால்தான் மீட்க முடிந்தது. காலை மெல்ல ஆட்டித் தண்ணீர் உள்ளே இறங்க விட்டு இழுங்கள், முழு பலத்தோடு இழுத்தால் இன்னும் இறுகும். கழி வைத்துக் குத்திப் பார்த்து நடப்பது நல்லது.

பாதையோரக் கருப்பு மண்ணை மிதிக்கக் கூடாது என்கிறார்களே?

அது உயிருள்ள மண். சயனோபாக்டீரியா, பாசி, பூஞ்சை எல்லாம் சேர்ந்து மணலை நூலால் கட்டிவைத்தது போல் பிணைத்திருக்கின்றன. மண் காற்றில் பறக்காமல் காப்பதும், நைட்ரஜன் சேர்ப்பதும், ஈரம் பிடிப்பதும் அதன் வேலை. ஒரு காலடியில் நொறுங்கும், மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைமேலும் வறண்ட ஓடை மணலிலும் நடந்தால் பிரச்சினையே இல்லை.

பாறைச் செதுக்கல்களைத் தொடலாமா? ஒரு கல்லை ஞாபகத்துக்கு எடுத்துவரலாமா?

இரண்டும் வேண்டாம். கை எண்ணெயால் அந்தக் கருப்புத் தோல் கெடும். குடைவுகளில் இருக்கும் கல்வீடுகளைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் ஹோபி, சூனி முதலிய புவெப்லோ மக்கள். அவர்களுக்கு அவை முன்னோரின் வீடுகள். தேசியப் பூங்காவில் கல், பானை ஓடு, இரும்பு உருண்டை எதை எடுத்தாலும் குற்றம். கூட்டாட்சி நிலத்திலிருந்து பழம்பொருள் எடுப்பதற்கு 1979-இல் வந்த தனிச் சட்டமும் இருக்கிறது. வழிகாட்டும் கல்லடுக்குகளையும் புதிதாகக் கட்டாதீர்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதை நம்பி வழி தவறிப் போவார்.

பெர்மிட் எதற்கெல்லாம் வேண்டும்?

அரிசோனாவில் எல்லையோரம் இருக்கும் ‘தி வேவ்’ என்ற அலைப்பாறைக்கு லாட்டரி. ஒரு நாளுக்கு 64 பேர் அல்லது 16 குழு, எது முதலில் நிரம்புகிறதோ அது. ஒரு பகுதி மாதங்களுக்கு முன் இணையத்தில், மீதி அந்த வட்டாரத்துக்குள் இருந்தபடி கைபேசியில். அதற்குப் போகும் ஹவுஸ் ராக் வேலி சாலை மழையில் போக்குவரத்துக்கே உதவாது. ஸயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டுக்கு 2022 ஏப்ரல் முதல் லாட்டரி. சங்கிலியைப் பிடித்துப் போகும் அந்தக் கடைசிப் பகுதி உயரத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு இல்லை, ஸ்கவுட் லுக்அவுட்வரை பெர்மிட் இல்லாமலே போகலாம், காட்சி அங்கேயே பிரமாதம். நேரோஸில் கீழிருந்து பிக் ஸ்பிரிங்வரை போய்த் திரும்ப பெர்மிட் வேண்டாம், மேலிருந்து இறங்கி வருவதற்குத்தான் பெர்மிட் வேண்டும்.

ஆன்டலோப்புக்குப் பூங்கா பாஸ் செல்லுமா?

செல்லாது. அது நவஹோ நிலம், வழிகாட்டியோடு மட்டும் அனுமதி. இன்னொன்று, நேரக் குழப்பம். கோடையில் அரிசோனா கடிகாரத்தை முன்தள்ளுவதில்லை, நவஹோ நிலத்தில் முன்தள்ளுகிறார்கள். ஆன்டலோப்புக்கு அருகிலுள்ள பேஜ் நகரில் கைபேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தானாகத் தாவும். முன்பதிவு செய்யும்போதே எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தனியாக நடக்கலாமா?

கூட்டமுள்ள டிரெயிலில் தாராளமாக. ஆளில்லாத கேன்யனுக்கு, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் உதவிக்கு அழைக்க வேண்டும் என்று ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் யூட்டாவின் புளூஜான் கேன்யனில் நகர்ந்த பாறைக்கு அடியில் கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் எங்கே போயிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சுவர்களுக்குள் கைபேசி சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும் ஒடுங்கிய பிளவுக்குள் வானம் தெரியாமல் திணறும், அதை மட்டும் நம்ப முடியாது.

நாயைக் கூட்டிப் போகலாமா?

தேசியப் பூங்கா டிரெயில்களில் பெரும்பாலும் முடியாது. ஸயானில் பாரஸ் டிரெயில் ஒன்றில் மட்டும் அனுமதி.

முதல் தடவை, நான்கு நாள். எங்கே?

மோஆப்பில் தங்கி ஆர்ச்சஸ் ஒரு நாள், கேன்யன்லேண்ட்ஸ் ஒரு நாள். பிறகு மேற்கே கேப்பிடல் ரீஃப் ஒரு நாள். அங்கே வாட்டர்பாக்கெட் ஃபோல்ட் என்ற 160 கிலோமீட்டர் நீள மடிப்பில் மேலே சொன்ன அடுக்குகள் எல்லாம் சாய்ந்து கிடக்கின்றன, கிராண்ட் வாஷ் போன்ற எளிதான நடையிலேயே அவற்றை வரிசையாகக் கடக்கலாம். மழை மேகம் இருந்தால் மட்டும் அதுவும் வேண்டாம், அது வெள்ளம் ஓடும் பாதை. நான்காம் நாளைக் கார் பயணத்துக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸயானையும் இதில் திணிக்க நினைப்பவர்கள் பாதி நாளைக் காரிலேயே கழிப்பார்கள். அதற்கு இன்னும் மூன்று நாள் தனியாக ஒதுக்கிக்கொண்டு லாஸ் வேகஸ் வழியாக வருவது உத்தமம்.